செத்த மாட்டுக்குச் சர்க்கார் பணம்

அமெரிக்காவில் புயலில் மாடு செத்தால் அரசே பணம் தருகிறதாமே! அப்புறம் பண்ணைக்காரர் மாட்டை ஒழுங்காகக் கவனிப்பாரா?

கவனிப்பார். மாட்டைச் சாகவிட்டு லாபம் பார்க்க அதில் வழியில்லை. சந்தை விலையில் 75 சதவீதம்தான் கிடைக்கும். அதுவும் வழக்கமாகச் சாகும் கணக்கைக் கழித்த பிறகு. மிச்சம் அவர் தலையில். 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவில் நடந்ததைப் பாருங்கள். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில் இருந்தன. குளிர்கால ரோமம் வளரவில்லை. முதலில் மழை தோல்வரை நனைத்தது, பின்னாலேயே பனிப்புயல். காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்த மந்தைகள் வேலி தாண்டி, ஓடைப் பள்ளங்களில் விழுந்து ஆயிரக்கணக்கில் மடிந்தன. எந்தக் கவனிப்பு இதைத் தடுத்திருக்கும்?

காப்பீடு எடுத்திருக்கலாமே என்பீர்கள். ஒரே இரவில் வட்டாரமே மந்தையை இழக்கும் அபாயத்தைத் தனியார் நிறுவனம் முழுசாக ஏற்றால், பிரீமியமே லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் அரசு வருகிறது; ஆனால் சட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அன்று உதவித் திட்டம் 2011-லேயே காலாவதியாகியிருந்தது. நிதி ஒப்புதல் கிடைக்காமல் வேளாண் துறை அலுவலகங்களும் பூட்டிக்கிடந்தன. (புயலுக்கு அது தெரியுமா?) 2014 பிப்ரவரியில் வந்த வேளாண் சட்டம்தான் முன்தேதியிட்டு அதை உயிர்ப்பித்தது. அதற்குள் செத்த மாடுகள் புதைக்கப்பட்டுவிட்டன. புகைப்படமும் பதிவேடும் வைத்திருந்தவருக்கு விண்ணப்பம் சுலபமானது.