கடைக்கு எவ்வளவு தூரம்? – தீவுப்பகுதியிலிருந்து ஒரு கணக்கு



"கடைக்கு எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "மேல் டிவிசன்ல இருந்து மூணு கட்டை" என்பார் ஒருவர். "பஸ் வந்தா அரை மணி, வராட்டி பகல் முழுக்க" என்பார் இன்னொருவர். இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரியான பதில். அது ஏன் என்று இந்த முறை கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்கு மலையை விட்டுக் கடலுக்குப் போக வேண்டும்.

நம்மில் பலர் ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் போய் வந்திருக்கிறோம். வழி ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையைத் தாண்டி, அங்கிருந்து இன்னொரு கடல்வழித் தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போனால் குறிகட்டுவான் இறங்குதுறை. அதுவரை பஸ். பிறகு படகு. நயினாதீவுக்குக் கால் மணி, இருபது நிமிடம். அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைப் பக்கமாகப் போக வேண்டும்.

அம்மனைப் பார்க்கிற அவசரத்தில் நாம் கவனிக்காத ஒன்று அந்தத் துறையில் இருக்கிறது. அரிசி மூட்டை, சீனி மூட்டை, காஸ் சிலிண்டர், மரக்கறிப் பை, முட்டைத் தட்டு எல்லாம் நம்மைப்போலவே படகுக்குக் காத்திருக்கும். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று கருதுவோர் உண்டு. அங்கே நாம் உட்கார்ந்து சாப்பிடுகிற அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றுதான் பெயர். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தின் ஊர்! ஆனால் அந்த மண்டபத்துக்கும் அரிசி கடல் தாண்டித்தான் வரவேண்டும்.

இப்போது ஓர் அரிசி மூட்டையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண மொத்தக் கடையிலிருந்து வேலணைக் கடைக்குப் போக அதை லொறியில் ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்கினால் போதும். இரண்டு கை. நெடுந்தீவுக் கடைக்கு என்றால்? லொறியில் ஏற்ற வேண்டும், குறிகட்டுவானில் இறக்க வேண்டும், படகில் ஏற்ற வேண்டும், மாவிலித்துறையில் இறக்க வேண்டும், அங்கே டிராக்டரில் ஏற்ற வேண்டும், கடை வாசலில் இறக்க வேண்டும். ஆறு கை. ஒவ்வொரு கைக்கும் கூலி. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும், நனையும், தக்காளியென்றால் நசுங்கும். படகுக்கு எண்ணெய்ச் செலவு தனி. கடைக்காரர் அநியாயம் பண்ணாவிட்டாலும் விலை ஏறத்தான் செய்யும்.

வெளிநாடுகளில் இப்படிக் கடை எட்டாத இடங்களை 'உணவுப் பாலைவனம்' என்கிறார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களம் கிராமப்புறத்தில் பெரிய கடைக்குப் 10 மைல், அதாவது 16 கிலோமீற்றர் தூரம் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது. கார் வைத்திருப்பவர்கள் ஊருக்கு அது பொருந்தலாம். நயினாதீவையோ நமது மேட்டு லயத்தையோ அந்தக் கோலால் அளக்க முடியாது. குறிகட்டுவானில் நின்று பார்த்தால் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். "இண்டைக்குக் கடல் கடும், வள்ளம் ஓடாது" என்று சொல்லிவிட்டால் அந்தக் கோபுரம் நூறு மைலுக்கு அப்பால் போய்விடும்.

நெடுந்தீவுக்காரருக்கு இது இன்னும் கடினம். மக்கள் வாழும் யாழ்ப்பாணத் தீவுகளில் ஆகக் கடைசியில் இருப்பது அது. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். குடியிருப்பவர்களோ சில ஆயிரம் பேர். வாடைக் காற்றிலும் சோளகக் காற்றிலும் கடல் அடிக்கும். கிணறுகள் பல உவர். நல்ல தண்ணீர் என்றால் சாராப்பிட்டிக் கிணறுகளைச் சொல்வார்கள். படகு என்றால் அவர்களுக்குப் பயண வசதி மட்டுமில்லை. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் போகிற ஒரே வழி. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் சனம் அதே கடலில்தான் போய்வர வேண்டியிருந்தது. வேறு பாதை கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீவுப்பகுதியார் பேர்போன கடைக்காரர்கள். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் மலைநாட்டு டவுன்களிலும் பலசரக்குக் கடையும் சுருட்டுக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தினார்கள். நம் தாத்தாமார் சம்பள நாளில் போய் நின்ற கடைகளிலும் சில அவர்களுடையவை. 1958, 1977, 1983 கலவரங்களில் அந்தக் கடைகள் பல எரிந்தன. பிறகு 1990, 91இல் தீவுகளுக்கே போர் வந்தது. ஊர் ஊராகச் சனம் வெளியேறியது. பலர் கனடா, பிரான்ஸ், சுவிஸ் போய்விட்டார்கள். நாட்டுக்கே கடை வைத்தவர்கள் ஊரில் பூட்டிய வீடுகள் மிஞ்சின.

கடை என்பது சனம் இருந்தால் நிற்கும். பத்து வீடு மட்டும் வாங்கினால் முதலாளி அரைப் பெட்டிதான் எடுப்பார். அரைப் பெட்டிக்கு மொத்த விலை கிடைக்காது. விலை ஏறினால் இருக்கிற பத்து வீட்டில் இரண்டு வீடு டவுனில் வாங்கிக்கொள்ளும். பிறகு அவர் மரக்கறியை நிறுத்துவார், அப்புறம் முட்டையை நிறுத்துவார். கடைசியில் பிஸ்கட்டும் சோடாவும் பால்மாப் பைக்கட்டும்தான் தட்டில் இருக்கும். இதை வாசிக்கிறபோது உங்கள் டிவிசன் கடை ஞாபகம் வந்தால் அது தற்செயல் இல்லை.

தீவார் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? முதலாவது பனை. ஆவணி, புரட்டாசியில் விழுகிற பழத்தின் கொட்டையைப் பாத்தியில் அடுக்கிப் புதைப்பார்கள். தை மாதம் அளவில் கிழங்கு. பச்சையாகப் பிளந்து காயப்போட்டால் ஒடியல். அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. ஒடியலை இடித்து, மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பைப் போக்கி, மீனும் நண்டும் மரவள்ளியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சினால் கூழ். கருவாடும் அப்படித்தான். படகு ஓடாத நாளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கடை வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். இப்போது அந்த வேலைக்குக் கை குறைவு. பிள்ளைகளுக்கும் நூடில்ஸ்தான் வேண்டும். இங்கே மட்டும் என்னவாம்?

இரண்டாவது சங்கக்கடை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடையை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இலாபம் குறைந்த ஊரிலும் அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் என்று அடிப்படைச் சாமான் கிடைக்க அது ஒரு வழி. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே ஒரு தீவாகிவிட்டது. சாமான் கப்பலில் வந்தது. சங்கக்கடை வாசலில் அட்டையோடு வரிசையில் நின்று வாங்கினார்கள். தனியார் கடையில் விலை கேட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த வரிசைதான் சோறு போட்டது. சங்கங்களில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. கணக்கு ஒழுங்காக இல்லாத சங்கம் நாலு கடையைவிட மோசம்.

2022இல் இன்னொரு பாடம் கிடைத்தது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் வடக்கில் மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடலுக்குள் இருக்கிற ஊரில் மீனுக்குக்கூட எண்ணெய் வேண்டும். நம் பக்கம் அதே மாதங்களில் கோதுமை மா விலை ஏறி, ரொட்டி சிறுத்துப் போனதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் 1973, 74ஐ நினைத்திருப்பார்கள். மாவும் அரிசியும் குறைக்கப்பட்டு, தோட்டங்களில் பட்டினியால் உயிர்கள் போன காலம் அது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். டவுனில் மா கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எடுத்துக்காட்டுக்குத்தான், உண்மை விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். போய்வர பஸ் காசு 120. 5 கிலோ வாங்கினால் மிச்சம் 50, செலவு 120. கையிலிருந்து 70 போய்விட்டது. வேலை நாளில் போயிருந்தால் அரைப்பேரும் போச்சு. "டவுன்ல மலிவா வாங்குனேன்" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது இந்த 70 ரூபாயை யாரும் கேட்பதில்லை. நாலு வீடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆளை அனுப்பி 20 கிலோ எடுத்தால் மிச்சம் 200. பஸ் காசு போக 80. வீட்டுக்கு 20 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதே பஸ் காசுக்குள் பருப்பும் சீனியும் நெத்தலியும் சேர்ந்தால் தொகை வளரும். சுமக்கிற அக்காவின் தோளுக்கும் ஒரு கணக்கு வேண்டும். இரண்டு பேர் போனால் பஸ் காசு 240. அப்போது சாமானையும் அந்த அளவுக்குக் கூட்டினால்தான் மிச்சம்.

டிவிசன் கடையைக் கைவிட்டுவிடுங்கள் என்பதல்ல இதற்கு அர்த்தம். நாளைக்கு மண் சரிந்து ரோட்டு மூடினால் அந்தக் கடைதான். கடன் கொப்பியில் எழுதித் தருகிறவரும் அவர்தான். எதை அங்கே வாங்குவது, எதைச் சேர்ந்து வாங்குவது, எதை லயத்துக்குப் பின்னால் நட்டுக்கொள்வது என்று பிரித்துப் பார்க்கத்தான் கணக்கு.

ஒரு பழைய கொப்பியில் நாலு கோடு போடுங்கள். சாமான், கடை விலை, போய்வந்த செலவு, போன நேரம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். ஒரு சம்பளத்திலிருந்து மறு சம்பளம் வரை எழுதி வையுங்கள். மழையில் பஸ் ஓடாத நாளையும் கடையில் சாமான் இல்லாமல் திரும்பி வந்த நாளையும் சிவப்புப் பேனையால் குறியுங்கள். பக்கத்து நாலு வீட்டுக் கொப்பியையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, டிவிசனில் ஒரு சங்கக்கடை கேட்பதா, நாலு வீடு சேர்வதே போதுமா என்று பேசத் தொடங்கலாம்.