நாலு மணிக்குக் கூப்பிடுங்கள்

என் மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது நிறைகிறது. மண்டபம், பெரிய கேக், பிரியாணி என்று கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. செலவைக் குறைக்க வழி உண்டா?
– வாசகி, மணலூர்பேட்டை

உண்டு. அழைப்பு நேரத்தை மாலை நான்கு மணியாக்குங்கள். சாப்பாட்டுச் செலவு அங்கேயே கழன்றுவிடும். மண்டபமும் பிரியாணியும் பெரியவர்களுக்காக வருபவை. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதற்குச் சான்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது: தை மாதம் தென்பெண்ணையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்வரும் குழந்தை பிறகு பேசுவது மணலையும் பலூனையும் பற்றித்தான். ஆகவே அங்கன்வாடித் தோழர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என எட்டுப் பேர், அரைக் கிலோ கேக், கேசரி, சுண்டல், எலுமிச்சைச் சாறு, கண்ணாமூச்சி, பத்துப் பதினைந்து பலூன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். அதற்குமேல் யாராவது ஒருவர் நிச்சயம் அழுவார். பரிமாற வாழை இலைத் துண்டு போதும். பிளாஸ்டிக் பூசிய தட்டுக்கும் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால் அந்தச் செலவும் மிச்சம். திரும்பக் கொடுக்கும் பரிசுக்கு ஆளுக்கொரு கிரேயான் பெட்டி கொடுக்கலாம். ஊதல் மட்டும் வேண்டாம், மற்ற அம்மாக்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே என்பீர்கள். நட்சத்திரப் பிறந்தநாளன்று காலையில் கோயிலில் அர்ச்சனை வைத்து, நெருங்கியவர்களை அங்கே வரச்சொல்லி, சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிடுங்கள். மரியாதையும் ஆயிற்று, ஆசீர்வாதமும் ஆயிற்று. செய்த மொய்யைத் திரும்ப வாங்க வேண்டாமா என்று யாராவது கேட்டால், அதற்குக் காதுகுத்து இருக்கிறது என்று சொல்லுங்கள்.