பால்வாடி வயதில் மாஸ்க்: நம்பியதும் நடந்ததும்

2022 மார்ச் 7 அன்று நியூயார்க் நகரத்துப் பள்ளிகளில் கொரோனாவுக்காகக் கொண்டுவந்த மாஸ்க் கட்டாயம் நீங்கியது. நான்காம் வகுப்பு படிக்கும் அக்கா வெறும் முகத்தோடு பள்ளிக்குப் போகலாம். டே கேருக்குப் போகும் மூன்று வயதுத் தம்பி மட்டும் மாஸ்க்கோடுதான் போக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே இன்னும் தடுப்பூசி வரவில்லை என்பது நகர நிர்வாகம் சொன்ன காரணம். ஏப்ரல் தொடக்கத்தில் அதையும் நீக்கிவிடலாம் என்று மேயர் எரிக் ஆடம்ஸ் நினைத்தார். தொற்று மறுபடி ஏறியதால் தள்ளிப்போட்டார். ஒருவழியாக ஜூன் 13-ல் கட்டாயம் நீங்கியது. அந்த வயதினருக்கான தடுப்பூசிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது அதே வாரக் கடைசியில்!

இங்கிலாந்து நர்சரிகளிலோ பிள்ளைகளுக்கு மாஸ்க் என்ற பேச்சே எழவில்லை. ஸ்வீடனில் மழலையர் பள்ளிகள் மூடப்படவும் இல்லை, குழந்தைகளுக்கு மாஸ்க்கும் இல்லை. இந்தியாவில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2021 ஜூனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: ஐந்து வயதும் அதற்குக் கீழும் மாஸ்க்கைப் பரிந்துரைக்கவில்லை, 6 முதல் 11 வரை, பிள்ளைக்குச் சரியாகப் போடத் தெரிந்தால், பெற்றோரின் நேரடிக் கண்காணிப்பில் போடலாம், 12-க்கு மேல் பெரியவர்களைப் போல. அப்படியிருந்தும் 2022 பிப்ரவரி 16-ல் தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல்கள் திறந்தபோது, கார்ட்டூன் படம் போட்ட மாஸ்க்கை மூக்குக்குக் கீழே தொங்கவிட்டபடி வாசலில் நின்ற எல்கேஜி பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருப்போம்.

வைரஸ் ஒன்று, வயதும் ஒன்று, விதி மட்டும் ஊருக்கு ஊர் வேறு. குழம்பிய பெற்றோருக்கு வாட்ஸ்அப் பதில் சொன்னது. அந்தப் பதில்களில் சிலவற்றைப் பார்ப்போம்.

“மாஸ்க் போட்டால் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும்”

மிக வேகமாகப் பரவிய பயம் இது. நியாயமான பயமும்கூட, சின்ன மூக்கு, சின்ன மூச்சுக்குழாய். 2021 ஜூன் கடைசியில் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ என்ற மதிப்புள்ள மருத்துவ இதழே இதற்கு எண்ணெய் ஊற்றியது. மாஸ்க்குக்குள் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயு அபாய அளவைத் தாண்டுகிறது என்று ஓர் ஆய்வுக் கடிதம் அதில் வெளிவந்தது. அளந்த முறையே தவறு என்று நிபுணர்கள் கேள்வி எழுப்ப, ஆய்வாளர்களால் சரியான விளக்கம் தர முடியவில்லை. ஜூலையிலேயே இதழ் அதைத் திரும்பப் பெற்றது. கடிதம் போன தூரத்துக்கு அது திரும்பப் பெறப்பட்ட செய்தி போகவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில், அதே ‘ஜாமா’ குடும்பத்து இன்னொரு இதழில், இத்தாலிய மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்திருந்தது. 47 குழந்தைகள்; கைக்குழந்தை முதல் 12 வயது வரை. சர்ஜிகல் மாஸ்க் அணிவித்து அரை மணி நேரம் ஆக்சிஜன் அளவு, நாடித் துடிப்பு, மூச்சு வேகம், வெளிவிடும் கரியமில வாயு எல்லாவற்றையும் அளந்தார்கள். பெரிய பிள்ளைகளை நடக்கவிட்டும் பார்த்தார்கள். கவலைப்படும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. துணியும் முகமும் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்வதில்லை. பக்கவாட்டில் இடைவெளி இருக்கிறது, வாயு மூலக்கூறுகள் துணியின் ஊடாகவும் தாராளமாகப் போய்வருகின்றன. மருத்துவர்கள் பக்கத்தில் இருந்த அரை மணி நேரத்தை டே கேரின் எட்டு மணி நேரத்துக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கும்’ என்ற ஃபார்வர்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அப்படியானால் இரண்டு வயதுக்குக் கீழே மாஸ்க் கூடவே கூடாது என்று எல்லா நாட்டு மருத்துவர்களும் ஒரே குரலில் சொன்னது ஏன்? ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாந்தி எடுத்தாலோ, மூக்கடைத்தாலோ, துணி நழுவி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாலோ, அந்தக் குழந்தைக்குத் தானாக அதைக் கழற்றத் தெரியாது. சொல்லவும் வாய் வராது.

“ஐந்து வயது வரை வேண்டாம் என்று சொன்னதால், மாஸ்க்கே வீண்”

2020 ஆகஸ்ட் 21-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து அறிவுரை வெளியிட்டன: ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் இரண்டு வயதிலிருந்தே போடச் சொன்னன. ஒரு தரப்பு பொய் சொல்கிறது என்று இரண்டு பக்கத்து ஆதரவாளர்களும் மாறி மாறிக் கத்தினார்கள்.

இரண்டு தரப்பும் பதில் சொன்னது வெவ்வேறு கேள்விகளுக்கு. எந்த வயதிலிருந்து போட்டால் ஆபத்தில்லை என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை இரண்டு. எந்த வயதில் ஒரு பிள்ளை பெரியவர் உதவியில்லாமல் மாஸ்க்கைச் சரியாகப் போட்டு, தொடாமல் வைத்திருந்து, முறையாகக் கழற்றும் என்பது இன்னொன்று. அதற்கு விடை ஏறக்குறைய ஆறு. முதல் எண்ணைக் கட்டாயச் சட்டத்துக்கு அடிப்படையாக எடுத்தது அமெரிக்கா செய்த பிழை என்பது என் கருத்து. இரண்டாவது எண்ணை மேற்கோள் காட்டி ‘எட்டு வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம்’ என்று வாதாடியவர்கள் செய்ததும் பிழைதான்.

“பிள்ளைகள் மாஸ்க் போட்ட டே கேரில் தொற்று வராது, ஆய்வே இருக்கிறது”

ஆய்வு இருப்பது உண்மை. யேல் பல்கலைக்கழகத்தினர் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 6,654 குழந்தைப் பராமரிப்பாளர்களை 2020-ல் விசாரித்து, ஓராண்டு கழித்து மீண்டும் கேட்டார்கள். தொடக்கத்திலேயே இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மாஸ்க் போட்ட இடங்கள் தொற்றால் மூடவேண்டி வரும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு. 2022 ஜனவரியில் இது வெளியானது. மாஸ்க் ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள்.

13 சதவீதம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாஸ்க் இல்லாத 100 இடங்களில் 40 மூடியிருந்தால், மாஸ்க் போட்ட 100 இடங்களில் சுமார் 35 மூடியிருக்கும் என்ற அளவுக்கான வித்தியாசம் அது. மேலும், 2020 மே மாதத்திலேயே மூன்று வயதுப் பிள்ளைக்கு மாஸ்க் மாட்டிவிடும் அளவுக்குக் கவனமான நிர்வாகி, ஜன்னல் திறப்பதிலும் சளிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதிலும் கவனமாகத்தான் இருந்திருப்பார். அவற்றில் பலவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக் கழித்தார்கள். எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது.

எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது ஸ்பெயினின் கட்டலோனியா. அங்கே அப்போது ஆறு வயதிலிருந்து வகுப்பில் மாஸ்க் கட்டாயமாக இருந்தது. அதற்குக் கீழே இல்லை. 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 3 முதல் 11 வயதுவரை உள்ள சுமார் 6 லட்சம் பிள்ளைகளின் தொற்றுக் கணக்கை எடுத்தார்கள். மாஸ்க்குக்குப் பெரிய சக்தி இருந்தால், ஐந்து வயதிலிருந்து ஆறுக்குப் போகும்போது தொற்று சட்டென்று விழ வேண்டும். விழவில்லை. வயது ஏற ஏறத் தொற்றும் ஏறியது. ஐந்துக்கும் ஆறுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

பங்களாதேஷில் 600 கிராமங்களில் நடந்த பெரிய சோதனையையும் சிலர் இழுப்பார்கள். அதில் சர்ஜிகல் மாஸ்க்குகள் பயன் தந்தன, குறிப்பாக முதியவர்களுக்கு. ஆனால் சோதனை பெரியவர்களிடம் நடந்தது. அதிலிருந்து பால்வாடிக்கு நேராகத் தாவ முடியாது.

டே கேரில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று ஆயாவைக் கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பத்தரைக்கு ஸ்நாக்ஸ், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, பிறகு இரண்டு மணி நேரத் தூக்கம். இத்தனை நேரமும் மாஸ்க் கழன்றே இருக்கும், அதுவும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பாயில். மிச்ச நேரத்தில் எச்சில் ஊறி நனைந்த துணியைக் கடிப்பார்கள், ஸ்பைடர்மேன் படம் போட்ட நண்பனின் மாஸ்க்கோடு மாற்றிக்கொள்வார்கள். துணியின் வடிகட்டும் திறனை ஆய்வகத்தில் அளந்தவர்கள் இந்த அறையை அளக்கவில்லை.

“மாஸ்க்கால் குழந்தைக்குப் பேச்சு வராது”

டீச்சரின் மாஸ்க்கைப் பற்றிய பயம் இது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். சாதாரண மாஸ்க் போட்டவர் சொன்ன சொற்களை, மாஸ்க் இல்லாதவர் சொன்னதைப் போலவே அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். வாய் தெரியட்டும் என்று கண்ணாடிபோன்ற ஃபேஸ் ஷீல்டு மாட்டியபோதுதான் தடுமாறினார்கள்! நல்லெண்ணத்தில் செய்ததே இடைஞ்சலானது.

உணர்ச்சியைப் படிப்பதில் மட்டும் கதை வேறு. மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைகள் மாஸ்க் போட்ட முகத்தில் சந்தோஷம், சோகம், கோபம் ஆகியவற்றைப் பிரித்தறிவதில் பெரியவர்களைவிட நன்றாகவே பின்தங்குகிறார்கள் என்று இத்தாலியில் கண்டார்கள். படத்தைக் காட்டிக் கேட்ட சோதனை அது. நிஜ டீச்சருக்குக் கண்ணும் கையும் குரலும் இருக்கின்றன. தொற்றுக்காலத்துக்குப் பின் தாமதமாகப் பேசத் தொடங்கிய பிள்ளைகளைப் பார்த்து மாஸ்க்கைக் குறை சொல்பவர்கள், பள்ளிக்கூடமே பார்க்காமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடாமல், கையில் செல்போனோடு கழிந்த இரண்டு வருடங்களை மறந்துவிடுகிறார்கள்.

“குழந்தைகளுக்கு கொரோனா வராது”

வந்தது. இந்தியப் பள்ளிகள் மூடியிருந்த 2021 ஜூன்-ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) எடுத்த ரத்தப் பரிசோதனையில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது. தடுப்பூசி போடாத வயது என்பதால், அத்தனை பேருக்கும் தொற்று வந்து போயிருக்கிறது என்றே பொருள். வீட்டுக்குள்ளேயே பெரியவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். தீவிரமானது அபூர்வம்: 2020 மார்ச் முதல் ஜூன் வரை, பள்ளிகள் திறந்திருந்த ஸ்வீடனில் ஒன்று முதல் 16 வயது வரையிலான சுமார் 19.5 லட்சம் பிள்ளைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 15 பேர். கொரோனாவால் இறந்தவர் யாரும் இல்லை.

“என்95 போட்டால் இன்னும் நல்லது”

அமெரிக்காவில் என்95-க்குச் சான்று தரும் அமைப்பு குழந்தைகளுக்கென்று எந்த மாஸ்க்குக்கும் அந்தச் சான்றைத் தருவதில்லை. பெட்டியில் ‘கிட்ஸ் என்95’ என்று அச்சடித்திருந்தால் அது விற்பவரின் வார்த்தை.

அடுத்த தொற்று வந்தால், டே கேர் நடத்துபவரிடம் பிள்ளையின் மாஸ்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. டீச்சரும் ஆயாவும் மாஸ்க் போடுகிறார்களா, தடுப்பூசி போட்டிருக்கிறார்களா? ஏசி போட்டு ஜன்னலைச் சாத்தி வைக்கிறார்களா? காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பும் தைரியம் இருக்கிறதா? வேலைக்குப் போகும் அம்மா கெஞ்சும்போது இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு கஷ்டம் என்பது நடத்துபவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் வேலை செய்பவை இவைதான். கூரை உயர்ந்து நாலு பக்கமும் திறந்த அங்கன்வாடிக் கட்டடம், கண்ணாடிக் கதவு போட்ட நகரத்து ப்ளே ஸ்கூலைவிடக் காற்றோட்டத்தில் ஒரு படி மேல்.

சின்னப் பிள்ளைக்கு மாஸ்க் வேண்டாம் என்பதற்கு விதிவிலக்கும் உண்டு. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை, சிறுநீரக மாற்று செய்துகொண்ட தாத்தா இருக்கும் வீடு போன்ற இடங்களில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கும் டாக்டர் மாஸ்க் சொல்லக்கூடும். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு, பஸ் பயணம் என்று அரை மணி, ஒரு மணி நேரத்துக்குப் பெரியவர் பக்கத்தில் இருக்க அது நடக்கக்கூடிய காரியம். கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டி மாட்டிவிடாதீர்கள்; விளையாடும்போது சிக்கி இறுக்கும். நனைந்தால் மாற்ற இரண்டு உபரி மாஸ்க் பையில் இருக்கட்டும். தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.