மகிழம்பூவின் பெயர்

அன்புள்ள தங்கைக்கு,

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் தலமரம் மகிழம் என்று படித்துவிட்டு, மகிழ்ச்சி தருவதால்தான் அந்தப் பெயரா என்று கேட்டிருக்கிறாய். பாதி சரி. ஆனால் மல்லிகையும் தாழையும் மகிழ்ச்சி தராமலா இருக்கின்றன? இந்தப் பூவுக்கு மட்டும் அந்தப் பெயர் ஏன் என்பதற்கு விடை, 'மகிழ்' என்ற சொல்லின் பழைய பொருளில் இருக்கிறது. இன்று அதைச் சந்தோஷம் என்ற அளவில்தான் புழங்குகிறோம். குறளில் அது கள் தரும் மயக்கத்தையும் குறிக்கும். கள் குடித்தவருக்குத்தான் மகிழ் தரும், காமமோ கண்டாலே தரும் என்கிறது 1090-ஆம் குறள். பொச்சாவாமை அதிகாரத்தின் முதல் குறள் (531) இன்னும் தெளிவு. அங்கே சந்தோஷத்துக்கு 'உவகை' என்று தனிச்சொல் வருகிறது. அந்த உவகை தலைக்கேறித் தன்னை மறக்கும் நிலைதான் 'மகிழ்ச்சி'. ஆகவே மகிழம்பூ என்றால் கிறங்கவைக்கும் பூ என்பதே என் முடிவு.

பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது; வெளிறிய மஞ்சளில் ஒடுங்கிய இதழ்கள். இதழ்வட்டம் முழுசாகக் கழன்று விழுவதால் நடுவில் துளை இருக்கும், ஊசியே இல்லாமல் வாழைநாரில் கோத்துவிடலாம். கண்ணைப் பறிக்கும் பூ அல்ல, இலைகளுக்கிடையில் மறைந்தே பூக்கிறது. வாசனை மட்டும் அப்படி ஒளிவதில்லை. பூ காய்ந்து பழுப்பேறிய பின்னும் நாள்கணக்கில் நிற்கிறது. பெண்ணொருத்தி வாயிலிருந்து மதுவைக் கொப்பளித்தால்தான் இந்த மரம் பூக்கும் என்பது வடமொழிக் கவிஞர்களின் மரபு. காளிதாசனின் மேகதூதத்தில் அது வருகிறது. மதுவையும் இந்தப் பூவையும் சேர்த்து நினைத்தவர்கள் தமிழர் மட்டுமல்லர். லின்னேயஸ் 1753-இல் இட்ட 'மிமுசாப்ஸ் எலெங்கி' என்ற தாவரவியல் பெயரோ வேறு வழியில் வந்தது. முதற்பாதி கிரேக்கம், குரங்குமுகம் என்று பொருள். பூவின் தோற்றத்தைப் பார்த்து வைத்தது. 'எலெங்கி' மட்டும் நம் பக்கத்துச் சொல். கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடின் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில், மலையாளத்து 'இலஞ்ஞி' அப்படிப் பதிவானது.

கோயில் கதையிலிருந்து பெயர் வந்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். கதையை நினைத்துப் பார். மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது மகிழ மரத்தடியில். அதை மீறி ஊரைத் தாண்டியதும் இரு கண்ணும் போயின. மாசித் திருவிழாவின் மகிழடி சேவை இன்றும் அந்தச் சத்தியத்தைத்தான் நினைவூட்டுகிறது. சத்தியமும் தண்டனையும் நிறைந்த கதைக்கு இன்பப் பெயர் பொருந்தாது. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை எழுதும்போதே அது மகிழ மரம்தான். மரத்தின் பெயர் முந்தியது, சேவை அதனால் பெயர் பெற்றது.

இன்னொரு மறுப்பு கனமானது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் இது 'வகுளம்' என்றே வருகிறது. அது திரிந்துதான் 'மகிழம்' ஆனது என்று சொல்லலாம். ஒலி இடம் கொடுக்கிறது. விழுங்கு என்பதை முழுங்கு என்றும், விழி என்பதை முழி என்றும் ராயபுரத்தில் தினமும் கேட்கிறாயே. அப்படியே இருக்கட்டும். வகரம் மகரமானதற்கு அந்தப் பழக்கம் போதும். ஆனால் 'குளம்' போய் 'கிழ்' வந்ததற்கு அது போதாது. அங்கே திரிந்த சொல்லை மக்கள் தமக்குத் தெரிந்த ஒரு சொல்லோடு பொருத்தியிருக்கிறார்கள், பூவின் குணத்துக்கு ஏற்ற சொல்லாகவே.

அன்புடன்,
அக்கா