கசிவைப் பிடிக்க எந்தக் கருவி?

ஞாயிறு காலைகளில் சிலிம் ரிவரில் என் வீட்டு முன்கூடத்தில் ஐந்தாறு பிள்ளைகள் கணினியோடு வந்து உட்காருவார்கள். கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணியை சி மொழியில் செய்பவர்கள். அவர்களில் ஒருவன் சென்ற மாதம் மூன்று மாத உழைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து நின்றான். "ரஸ்ட்டுக்கு மாறிட்டேன் சார். கே.எல்.ல வேலை செய்ற மாமா சொன்னாரு, அதுல மெமரி லீக்கே வராதாம். அப்பாவும் அதையே படின்னுட்டாரு." ஒப்படைக்க ஆறு வாரம்தான் இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யூனிட் டெஸ்ட் எழுத வேண்டும் என்பதை நான் விளக்கப் போவதில்லை. அதை நினைவகக் கசிவு பார்க்கும் கருவியோடு சேர்த்து ஏன் ஓட்ட வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எந்த மரத்து மங்கு (பால் கிண்ணம்) ஓட்டை என்று தெரியாமல், வாளியில் பால் குறைகிறதே என்று புலம்பிப் பயனில்லை என்பார். முழு நிரலையும் ஓட்டிக் கசிவு தேடுவது வாளியைப் பார்ப்பது. ஒவ்வொரு டெஸ்ட்டாக ஓட்டுவது மரம் மரமாகப் போய் மங்கைப் பார்ப்பது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி. அட்ரஸ் சானிடைசரோடு வரும் லீக் சானிடைசர் ஒன்று. கம்பைல் செய்யும்போது ஒரு கொடி (ஃப்ளாக்) சேர்த்தால் போதும், வேகம் ஏறத்தாழ பாதியாகும், நிரல் முடியும் நேரத்தில் கசிவுப் பட்டியல் வரும். வால்கிரின்ட் மற்றொன்று. மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், ஆனால் 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். மதிப்பே கொடுக்காத மாறியை வைத்து நிரல் முடிவெடுத்தால் வால்கிரின்ட் சொல்லும், அட்ரஸ் சானிடைசர் சொல்லாது. ஸ்டாக்கில் உள்ள அணியின் எல்லையைத் தாண்டினால் அட்ரஸ் சானிடைசர் பிடிக்கும், வால்கிரின்ட் பெரும்பாலும் தவறவிடும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சேர்க்காதீர்கள். விண்டோஸ் பிள்ளைகள் அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். போட்டுக்கொள்ளுங்கள். விஷுவல் ஸ்டுடியோவின் அட்ரஸ் சானிடைசர் கசிவைப் பார்ப்பதில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் 'லீக்ஸ்' கட்டளை இருக்கிறது.

நான் வால்கிரின்ட் பக்கம். 2002இல் ஜூலியன் செவர்ட் வெளியிட்ட அந்தக் கருவியிடம்தான் நான் தொழில் கற்றேன். கசிவை அது வகை பிரித்துச் சொல்கிறது: உறுதியாகத் தொலைந்தது, மறைமுகமாகத் தொலைந்தது, இன்னும் கைக்கெட்டுவது. ஒரு மரத் தரவமைப்பின் வேரைத் தொலைத்தால் கிளைகளெல்லாம் மறைமுகக் கணக்கில் விழும், வேரைச் சரிசெய்தால் நூறு வரி அறிக்கை ஒரே நொடியில் காணாமல் போகும். அந்த அறிக்கையைப் படிக்கப் பழகியவனுக்குப் பாயின்டர் பிடிபட்டுவிடும்.

ஒரு பொறி மட்டும் உண்டு. கசிவு இருந்தாலும் வால்கிரின்ட் உங்கள் டெஸ்ட்டின் முடிவு எண்ணைத்தான் திருப்பித் தரும், அதனால் எல்லாம் பச்சையாகத் தெரியும். பிழைக்குத் தனி எண் தரும்படி நீங்கள்தான் கட்டளையில் சொல்ல வேண்டும். 'செக்' நூலகம் பயன்படுத்துபவர்கள் அது ஒவ்வொரு டெஸ்ட்டையும் தனிப் பிராசஸாகப் பிரிப்பதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பொய்க் கசிவுகளில் தலை சுற்றும்.

இப்போது அந்த மாமா சொன்ன வழிக்கு வருகிறேன். ரஸ்ட் நல்ல மொழி. விடுவித்த நினைவகத்தைத் திரும்பத் தொடும் ஆபத்தை அது கம்பைல் நேரத்திலேயே தடுக்கிறது. ஆனால் கசிவே வராது என்று ரஸ்ட்டை உருவாக்கியவர்களே சொல்லவில்லை. 2015இல், 1.0 பதிப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆர்.சி. (ரெஃபரன்ஸ் கவுன்ட்) சுட்டிகள் கசியும், அப்போது டிஸ்ட்ரக்டர் ஓடாமலே போகும் என்பது பெரிய விவாதமானது. டிஸ்ட்ரக்டர் எப்படியும் ஓடும் என்று நம்பிக் கட்டிய ஒரு த்ரெட் வசதியை நீக்கினார்கள். கசிவு 'பாதுகாப்பான' செயல்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். சி++ மொழியின் ஷேர்ட் பாயின்டரும் இதே சுழலில் மாட்டும், அதற்காகத்தான் வீக் பாயின்டர் இருக்கிறது. ஜாவாவிலும் கசியும். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரு ஜாவா சர்வர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூச்சுத் திணறி விழும். வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு மேப்பில் போட்டார்கள், யாரும் எடுக்கவே இல்லை. மொழி பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதால் நினைவகத்துக்கு ஒரு டெஸ்ட்கூட யாரும் எழுதவில்லை. நள்ளிரவில் எழுந்து அதை மீண்டும் ஓடவைத்தவன் நான்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த மொழிக்குச் சம்பளம் அதிகம் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். ஒரு பிழையின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று கேளுங்கள். சிலருக்கு அந்த உட்காருகை இயல்பாக வரும், சிலருக்கு வடிவமைப்பில் கை ஓடும். இரண்டும் திறமைதான். பிள்ளைக்கு எது வருகிறது என்று தெரிய ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டை அவனுக்குக் கொடுங்கள்.

அந்தப் பையன் மறு வாரமே பழைய சி நிரலை கிட்டிலிருந்து மீட்டு எடுத்து வந்தான். வால்கிரின்ட்டில் ஓட்டினோம். ஒரே இடத்தில் 40 பைட் உறுதியாகத் தொலைந்திருந்தது. காலிக் கோப்பைத் திறக்கும் டெஸ்ட்டில், பாதியிலேயே ரிட்டர்ன் ஆகும் ஒரு வரிக்கு முன்னால் ஃப்ரீ விட்டுப்போயிருந்தது. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. திருத்தி முடித்ததும், "கோப்பே இல்லன்னா என்னாகும் சார்? அதுக்கு நான் டெஸ்ட்டே எழுதலையே" என்றான். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல் அதை எழுத ஆரம்பித்தான்.