மாட்டுகிற அன்று வீட்டில் இரு

"எத்தனை ஸ்டார் ஏசி வாங்கலாம்க்கா?" என்று போனில் கேட்டாய். ஸ்டாரை அப்புறம் பார்ப்போம், தங்கச்சி. ஏசி மாட்டுகிற அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு.

இன்டோரையும் அவுட்டோரையும் செப்புக் குழாயால் இணைத்ததும், குழாய்க்குள் நிற்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்வம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அரைமணி நேரம் ஆகும். எங்கள் வீட்டுக்கு வந்த பையன் பம்பே கொண்டு வரவில்லை. நட்டைத் தளர்த்தி 'உஸ்'ஸென்று கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு, "காத்து போயிருச்சுக்கா" என்றான். நானும் டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் கோடையில் கம்ப்ரசர் போனது. குழாயில் தங்கும் ஈரம் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்தால் அமிலமாகி உள்ளேயே அரிக்கும் என்று அதைப் பிரித்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதோடு, இப்போது வரும் ஏசிகளில் இருப்பது பெரும்பாலும் ஆர்32. லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ் அது. அதை இப்படித் திறந்துவிடவே கூடாது.

கரண்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல். ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர், தனி எம்சிபி, சரியான எர்த். ஃப்ரிட்ஜ் ஓடுகிற பிளக்கில் சொருக விடாதே.

காசு கொடுக்கும் முன் இன்டோர் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார். டிரெய்ன் பைப் வழியாக வெளியே சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் வாட்டம் சரியில்லை. நாளைக்கு உன் சுவரில்தான் வழியும்.

உன் தெரு தறித்தெரு. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி எதையும் விடாது. போன தடவை அத்தை வீட்டு ஃபில்டரைக் கழற்றினேன். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பியதும் வெள்ளைத் துணி போல முழுசாக உரிந்து வந்தது! அதற்குப் பின்னால் காற்று எப்படிப் போகும்? கம்பெனிப் புத்தகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று இருந்தாலும், நீ வாரம் ஒரு தடவை கழுவு. எம்சிபியை அணைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து நிழலில் காயவை. வெயிலில் போட்டால் வளைந்துவிடும். அவுட்டோரையும் தறிச்செட் பக்கம் வைக்காதே, மேல்வெயில் நேராக விழுகிற சுவரும் வேண்டாம். நிழல் வேண்டும் என்று பெட்டி அடித்து மூடியும் விடாதே, சூடு வெளியேற இடம் வேண்டும்.

ஜெட் சர்வீஸ் வருஷத்துக்கு இரண்டு. பங்குனியில் ஒன்று, ஆடித்தபசு முடிந்து மேல்காற்றும் புழுதியும் அடங்கியதும் இன்னொன்று.

சர்வீஸுக்கு வருகிறவர், "கேஸ் குறைஞ்சிருக்கு, டாப்அப் பண்ணிரலாம்" என்பார். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. நட்டுகளில் சோப்பு நுரை தடவினால் பெரும்பாலும் அங்கேயே குமிழ் காட்டிக் கொடுக்கும். அதை அடைத்து, பம்ப் போட்ட பிறகுதான் கேஸ். அதுவும் அவுட்டோர் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற எடைக்கு, தராசில் வைத்து.

2020-லிருந்து இங்கே விற்கும் ஏசிகளில் 24 டிகிரிதான் ஆரம்ப அளவு. அதிலேயே வைத்து ஃபேனை மெதுவாகச் சுழல விடு. 18-ல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிராது.

மாட்ட வருகிறவருக்கு முந்தின நாளே போன் போட்டு, "அண்ணே, வேக்வம் பம்ப் கொண்டு வருவீங்கல்லா?" என்று கேட்டுவிடு. இழுத்தார் என்றால், பம்ப் கிடைக்கிற அன்றைக்கு வரச் சொல்.