சேலத்துக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தார்

"வேலைவெட்டி இல்லாதவங்க, அதான் பிளாட்பாரத்துல கிடக்கறாங்க." இதை நம்புகிறவர்கள் ஒருநாள் விடியுமுன் சென்னை பாரிமுனைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கடைகளின் ஷட்டர் திறப்பதற்குள் பாயும் போர்வையும் சுருட்டி, நீலத் தார்ப்பாயில் மூட்டை கட்டி, ஓரமாக ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். பிள்ளையின் பள்ளிப் பை சுவர் ஆணியில் தொங்குகிறது. அம்மா பூக்கட்ட உட்கார்ந்தாயிற்று. அப்பா மூட்டை தூக்கக் கிளம்பியாயிற்று. வேலை இருக்கும் இடத்தை விட்டு நகர முடியாததால்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

"சொந்த ஊருக்கே அனுப்பிவிடலாமே?" அதையும் செய்து பார்த்தாயிற்று, 1981-ல், பம்பாயில். அப்போது பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. வறட்சியில் பிழைப்புப் போய், 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட ஒரு குடிசைக்காக உள்ளூர் தாதா ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருந்தான். நூறு நாள் கூலிக்கும் மேல்! இலவசமாகக் குடியிருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும். குடிசையை இடித்து, மனைவி, மூன்று மகள்களோடு அவரைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வேலை பம்பாயில் இருந்தது. அவரும் திரும்பி வந்து மறுபடி நடைபாதையிலேயே குடியேறினார்.

அவரைப் போன்றவர்களும் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் தொடுத்த வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: நடைபாதையில் குடியிருக்கக் கோர்ட்டே உரிமை கொடுத்துவிட்டது என்பார்கள். அப்படி இல்லை. நடைபாதை நடப்பவர்களுக்கு என்றுதான் நீதிபதிகள் சொன்னார்கள்; அகற்றவும் அனுமதித்தார்கள். ஆனால் பிழைக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்றார்கள். பொதுவாக முன்கூட்டி நோட்டீஸ் தந்து, குடியிருப்பவர்கள் தரப்பைக் கேட்ட பிறகே அகற்றலாம் என்பது சட்டமாயிற்று. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம்வரை, அதாவது அந்த ஆண்டு அக்டோபர் 31 வரை, இடிக்கவும் தடை விதித்தார்கள்.

"நைட் ஷெல்ட்டர் இருக்குல்ல?" இருக்கிறது. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. ஆனால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பெரும்பாலான காப்பகங்கள் பிரிந்திருக்கும்போது, குடும்பம் எங்கே போகும்?

அடுத்தது, படித்தவர்களும் கூசாமல் சொல்வது: "வீடு குடுத்தாலும் வித்துட்டு வந்துடறாங்க." அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னை தன் ஏழைகளைத் தெற்கே தள்ளிக்கொண்டே போனது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்களைப் படிப்பாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். விடியுமுன் கொள்முதல் செய்ய வேண்டிய பூக்காரம்மாவுக்கு அந்த நேரத்தில் ஏது பஸ்? திரும்பி வருகிறவரை நன்றிகெட்டவர் என்பது அநியாயம். சேலத்துக்காரரைப் போல அவரும் வேலையைத் தேடித்தான் வருகிறார்.

வீடு அரசு போடும் பிச்சையும் அல்ல. போதுமான உறைவிடத்தை உரிமையாக ஏற்கும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-லேயே சேர்ந்துவிட்டது. 'போதுமான' என்பதற்கு அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1991-ல் விளக்கம் தந்தது: வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வரக்கூடிய இடத்தில் வீடு இருக்க வேண்டும். நான்கு சுவரும் கூரையும் மட்டும் போதாது.

உங்கள் தெருவில் நடைபாதைக் குடும்பங்களை ஏற்றிப்போக லாரி வந்து நின்றால், இறங்கிப் போய்க் கேளுங்கள்: இவர்களுக்கு நோட்டீஸ் எப்போது கொடுத்தீர்கள்? நாளைக் காலை இவர்கள் வேலைக்கு எப்படி வருவார்கள்?